ஏசியா, கூலரா, கூரைமேல் கிடுகா? வன்னியின் வழமையில்லாத வீடுகளுக்கு எது சரி

சித்திரை பிறக்கும்போது கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் மின்சாமான் கடைகளில் ஃபானும் கூலரும் வாசல்வரை வந்துவிடும். வாங்கப் போகிறவர் கேட்பதும் ஒன்றுதான்: ஏசி போடுவதா, கூலர் போதுமா, இல்லாவிட்டால் இன்னொரு ஃபானே காணுமா? கடையில் கிடைக்கும் பதில் சுவர் பூசி, சீலிங் அடித்து, யன்னல் பூட்டிய கல்வீட்டுக்கான பதில். வன்னியில் எத்தனையோ குடும்பங்கள் அப்படியான வீட்டில் இல்லை. மீள்குடியேறியபோது கிடைத்த தகரத்தில் போட்ட கொட்டிலுக்கே பத்தி இறக்கிப் பெருப்பித்து இருப்பவர்கள் உண்டு. வீட்டுத்திட்டத்தில் கட்டத் தொடங்கி, பூச்சும் யன்னலும் இல்லாமல் குடிபுகுந்தவர்கள் உண்டு. ஏ9 வீதியோரக் கடைக்குப் பின்னால், கொங்கிறீற் பிளாற் கூரையின் கீழ் வாடகை அறையில் இருக்கிற பொடியன்கள் உண்டு. மாதக்கணக்கில் வயல் காவலுக்குப் போய் வரப்பில் தங்குகிறவர்கள் உண்டு. இவர்களுக்கு எது சரி என்று பார்ப்போம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் இருக்கிற காசு கொஞ்சமென்றால் அது முதலில் கூரைக்குப் போக வேண்டும், பிறகு ஃபானுக்கு. கூலர் சில ஊர்களுக்குத்தான் சரிவரும். ஏசி இன்னும் சிலருக்குத்தான். அந்தச் சிலருக்கு அது ஆடம்பரம் இல்லை என்பதையும் பின்னால் சொல்கிறேன்.

ஏன் கூரை? வன்னி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகையில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் சூரியன் எங்களுக்கு நேர் உச்சியில் நிற்கும். ஆவணியில் திரும்பவும் ஒருமுறை உச்சிக்கு வரும். அந்தக் காலங்களில் மதிய வெயில் சுவரில் விழுவதைவிடக் கூரையில் விழுவதுதான் மிக அதிகம். துருவேறிய தகரம் உச்சி வெயிலில் 60 பாகை செல்சியசைத் தாண்டிச் சுடும். அந்தச் சூடு உள்ளே இருக்கிற காற்றைச் சூடாக்குவதோடு நிற்பதில்லை, அடுப்பின் தணல் மாதிரி நேரடியாக எங்கள் தலையிலும் தோளிலும் இறங்குகிறது. ஃபான் காற்றை அசைக்கும். மேலேயிருந்து இறங்குகிற வெக்கையை அதனால் தடுக்க முடியாது. ஃபான் போட்டும் தலை கொதிக்கிறது என்று சொல்வது இதனால்தான். 2016 அளவில் வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் கட்டும் திட்டம் பேசப்பட்டபோது, எங்கள் வெயிலுக்கு அது ஒத்துவராது, கல்வீடுதான் வேண்டும் என்று எழுந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது.

அடுத்த கேள்வி: நீங்கள் எந்த நேரத்தில் வீட்டுக்குள் இருக்கிறீர்கள்? தகரம் சூடாகிற வேகத்தில் ஆறியும் விடும். பொழுதுபட்டு ஒரு மணித்தியாலத்தில், காற்று போய்வர வழியிருந்தால், தகரக் கொட்டில் படுக்கக்கூடியதாகிவிடும். கொங்கிறீற் பிளாற் இதற்கு நேர்மாறு. காலையில் சுகமாக இருக்கும். பகல் முழுக்கக் குடித்த வெயிலை மாலையிலிருந்து நடுச்சாமம்வரை கக்கிக்கொண்டிருக்கும். ஆகவே பகலில் வேலைக்குப் போய் இரவில் மட்டும் வீடு வருகிறவருக்குத் தகரக் கொட்டில் அவ்வளவு மோசமில்லை. அதே கொட்டிலில் பகல் முழுக்க ஒரு அம்மம்மாவும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள் என்றால் கதை வேறு. ஊரில் எல்லோரும் கூலர் வாங்குகிறார்கள் என்று வாங்குவதற்கு முன் இதை யோசியுங்கள்.

தகரக் கொட்டிலுக்கு வருவோம். இங்கேதான் கொஞ்சக் காசில் பெரிய மாற்றம் செய்யலாம். நான் முதலாவதாக வைப்பது தகரத்துக்கு மேலே கிடுகு போடுவதை. முல்லைத்தீவுக் கரையோரம் ஒரு பெரியம்மாவின் கொட்டிலில் இதைப் பார்த்தேன். தென்னங்கிடுகு இரண்டு படை. காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் பழைய கரைவலைத் துண்டை விரித்து, ஓரங்களில் கல் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கிடுகு போதாமல் கூரையின் ஓரத்தில் ஒரு தகரம் வெறுமையாகக் கிடந்தது. மதியம் உள்ளே நின்று கையை உயர்த்தி இரண்டையும் தொட்டுப் பார்த்தேன். வெறுந்தகரத்தில் கை பட்டதும் இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கிடுகின் கீழ்த் தகரத்தில் உள்ளங்கையை ஊன்றி வைத்திருக்க முடிந்தது. "சீலிங் அடிக்க எங்கை தம்பி காசு? மூத்தவன் ஒரு பகலில ஏத்திப் போட்டுவிட்டிட்டுப் போனவன், இப்ப பகலிலயும் உள்ளுக்கை இருக்கலாம்" என்றார்.

வெயிலைத் தகரம் குடிப்பதற்கு முன்பே தடுப்பதால்தான் இது உள்ளே அடிக்கிற எந்தச் சீலிங்கையும்விட நன்றாக வேலை செய்கிறது. ஆனால் சில நிபந்தனைகள் உண்டு. கூரைத்தடிகள் உக்கியிருந்தால் ஏற்றக் கூடாது, ஏனென்றால் நனைந்த கிடுகின் பாரம் நினைப்பதைவிட அதிகம். குசினி ஒட்டினபடி இருந்தால் அடுப்புப் பொறி பறக்கிற பக்கத்தை விட்டுவிட வேண்டும். மாரி மழைக்கு முன், புரட்டாசி முடிவதற்குள் இறக்கிவிட வேண்டும். விட்டால் கிடுகும் அழுகும், அதன் ஈரத்தில் தகரமும் துருப்பிடிக்கும். எலி வந்தால் பின்னாலேயே பாம்பு வரும் என்பது வன்னியில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இறக்கும்போது தடியால் தட்டிவிட்டுக் கை வையுங்கள்.

கிடுகு ஏற்ற ஆளில்லாத வீட்டுக்கு வெள்ளை பூசுவது. நல்ல வெள்ளைப் பூச்சு மேலே விழுகிற வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். தகரத்தின் சூடு பதினைந்து இருபது பாகை இறங்கும். சுண்ணாம்பு மலிவு, ஆனால் ஒரு மாரியோடு கழுவுப்பட்டுவிடும், மாசி பங்குனியில் திரும்பப் பூச வேண்டும். கூரைக்கென்று வருகிற வெள்ளைப் பெயின்ற் விலை கூட, ஆனால் சில வருடம் நிற்கும். வவுனியா வடக்கு, முல்லைத்தீவுப் பக்கம் கிணற்றுத் தண்ணீரால் சிறுநீரக நோய் வருமோ என்ற பயத்தால் கூரையிலிருந்து மழைநீர் சேர்க்கிற வீடுகள் இருக்கின்றன. அங்கே பெயின்ற் வாங்கும்போது குடிநீருக்கு ஆகுமா என்று கேட்டு வாங்குங்கள், முதல் மழைத் தண்ணீரைத் தொட்டிக்குள் விடாதீர்கள். இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கூரை அஸ்பெஸ்ரஸ் சீற் என்றால் கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டக் கூடாது, துளையிடக் கூடாது. அந்தத் தூசு நுரையீரலுக்குப் போனால் பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியது. பாசியை நனைத்துத் துணியால் துடைத்துவிட்டுப் பூசினால் போதும். சீற் காலடியில் உடையக்கூடியது, ஆகவே பலகை போட்டு ஏறுங்கள்.

உள்ளே அடிக்கிற சீலிங் மூன்றாவது. பனையோலைப் பாய், தைத்த உரச் சாக்கு, மினுங்கல் தாள் எதுவானாலும் தகரத்துக்கும் அதற்கும் இடையில் ஒரு சாணாவது இடைவெளி வேண்டும், அந்த இடைவெளிச் சூடு முகட்டாலோ தாழ்வாரத்தாலோ வெளியே போக வழியும் வேண்டும். மினுங்கல் தாளைத் தகரத்தோடு ஒட்டிவிட்டால் அதனால் பயனில்லை. காற்றிடைவெளியைப் பார்த்தபடி இருந்தால்தான் அது வெக்கையைத் தடுக்கும். ரெஜிஃபோம் பலகையைப் பலர் விரும்புகிறார்கள். வெக்கையைத் தடுக்கும், உண்மைதான். ஆனால் குப்பி விளக்கும் நுளம்புச்சுருளும் விறகடுப்பும் புழங்குகிற கொட்டிலில் நான் அதை வைக்கவே மாட்டேன். தீப்பிடித்தால் உருகிச் சொட்டிச் சொட்டி எரியும்.

கொடி படரவிடுவது மெதுவான வழி, ஆனால் காணி உங்களுடையதென்று உறுதியில்லாதவர்களும் செய்யக்கூடியது. மேற்குப் பக்கம் பந்தல் போட்டுச் சுரையோ கொடித்தோடையோ ஏற்றலாம். தகரத்தின்மேலேயே படரவிட்டால் கொடி கருகும். ஆடி ஆவணியில் கிணறு வற்றுகிற இடமென்றால் குளித்த தண்ணீரை அதற்கு விட ஒரு வாய்க்கால் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். நிழல் மரமென்றால் வேம்பு. பொறுமையில்லாதவர் முருங்கையும் சீமைக்கிளுவையும் சேர்த்து நடலாம், அவை ஓரிரு வருடத்தில் நிழல் தரும்.

வீட்டுத்திட்ட வீடு இன்னொரு வகை. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்குக் கிடைத்தது 550,000 ரூபாய், வீட்டின் அளவு 550 சதுர அடி. சீமெந்து, மணல், மேசன் கூலி எல்லாம் ஏறிய காலத்தில் பல குடும்பங்களுக்கு அது சுவரோடும் கூரையோடும் முடிந்துபோனது. யன்னல் நிலைக்குள் தகரம் அடித்திருக்கும், பூச்சு இருக்காது. இங்கே கூரை பெரும்பாலும் ஓடு, ஆகவே தகரத்தளவு கொடுமை இல்லை. குறை காற்றில்தான். வைகாசியிலிருந்து ஆவணிவரை சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கிறது, அதுவும் இலவசமாக. அந்தப் பக்கத்து யன்னலைத் தகரத்தால் அடைத்துவிட்டு உள்ளே ஃபான் வாங்கி வைப்பது எனக்கு மனம் பொறுக்காத விடயம். முதலில் தென்மேற்கு யன்னலில் தகரத்தைக் கழற்றி நுளம்பு வலையும் கம்பியும் அடியுங்கள். எதிரே வடகிழக்கில் காற்று வெளியேற ஒரு வாய் வேண்டும். உள்ளே வருகிற வாயைவிட அது கொஞ்சம் பெரிதாக இருந்தால் நல்லது. மாரியில் வாடையும் மழையும் அந்தப் பக்கத்தால்தான் வரும், ஆகவே அதற்கு மட்டும் மூடித் திறக்கிற கதவு போடுங்கள். மிஞ்சுகிற காசில் மேற்குச் சுவருக்கு வெளியே ஒரு பத்தி இறக்கினால், பின்னேர வெயில் அந்தப் பூசாத கல்லில் விழாது.

இனி மின்சாரக் கணக்கு. சாதாரண சீலிங் ஃபான் சுமார் 75 வாற். நாளுக்கு 12 மணித்தியாலம் ஓடினால் மாதம் 27 யூனிற். புதிதாக வருகிற பிஎல்டிசி ஃபான் 30 வாற் அளவில் அதே காற்றைத் தரும். மாதம் 11 யூனிற். விலை கூடத்தான். ஆனாலும் பாருங்கள், வீட்டுப் பாவனை மாதம் 60 யூனிற்றைத் தாண்டினால் தாண்டிய யூனிற்றுக்கு மட்டுமல்ல, முதல் யூனிற்றிலிருந்தே விலை மாறிவிடுகிறது. அந்த 60க்குள் நிற்கிற குடும்பத்துக்கு ஃபானில் மிச்சம் பிடிக்கிற 16 யூனிற் பெரிய விடயம். தகரக் கொட்டிலில் சீலிங் ஃபானைவிட ஸ்ராண்ட் ஃபானே மேல் என்பது என் அபிப்பிராயம். பகலில் கூரையடியில் தேங்கி நிற்கிற கொதிகாற்றைச் சீலிங் ஃபான் கீழே இறக்கித் தலையில் ஊற்றும். ஸ்ராண்ட் ஃபான் கீழ்க்காற்றையே வீசும்.

9,000 பிரியூ அளவுள்ள சின்ன ஏசி, மூடிய அறையில், மணித்தியாலத்துக்கு அரை யூனிற்றிலிருந்து முக்கால் யூனிற்வரை எடுக்கும். இரவு எட்டு மணித்தியாலம் என்றால் மாதம் 120 முதல் 180 யூனிற். கூரைக்கும் சுவருக்கும் இடையில் கை போகிற இடைவெளியுள்ள கொட்டிலில் அதுவும் காணாது. இழுத்துக்கொண்டே இருக்கும், அறை குளிராது. தகரக் கொட்டிலுக்கு ஏசி வேண்டாம் என்று தயக்கமில்லாமல் சொல்வேன். கடைக்குப் பின்னாலுள்ள பிளாற் அறைக்குத்தான் அது கொஞ்சமாவது பொருந்தும், ஏனென்றால் அறை சின்னது, மூடக்கூடியது. அங்கும் முதலில் பிளாற்றின்மேல் நிழல் வேண்டும். வீட்டுக்காரரைக் கேட்டு மேலே பச்சை நிழல்வலை கட்டுவதோ வெள்ளை பூசுவதோ மாத வாடகையைவிடக் குறைந்த செலவில் முடியலாம். கிளிநொச்சியில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி மாலை ஐந்து மணிக்கு மொட்டை மாடிக்குப் போய் வாளியால் தண்ணீர் தெளிப்பான். ஊற்றியதும் ஆவி பறந்து, கொஞ்ச நேரத்தில் சீமெந்து காய்ந்துவிடும். பொழுது சாய்ந்த பிறகு இன்னொரு தடவை. பத்து மணிக்குப் படுக்கக்கூடியதாக இருக்கிறது என்கிறான். பிளாற்றில் வெடிப்பு இருந்தால் இதைச் செய்யக் கூடாது, உள்ளிரும்பு துருப்பிடிக்கும். இரவில் ஃபானை யன்னலில் வெளிப்பக்கம் பார்த்து வைத்து அறையின் சூட்டைத் தள்ளிவிடுவதும் இந்த அறைகளுக்கு நல்ல வழி.

கூலர் விற்கிறவர்கள் எல்லா ஊருக்கும் ஒரே வாக்குறுதி தருகிறார்கள். தண்ணீர் ஆவியாகும்போது காற்றின் சூட்டை எடுத்துக்கொள்ளும். அதுதான் கூலரின் வேலை. காற்று உலர்ந்திருந்தால்தான் தண்ணீர் ஆவியாகும். மாங்குளம், மல்லாவி, துணுக்காய், நெடுங்கேணி போன்ற, கடலுக்குத் தள்ளியிருக்கிற ஊர்களில் சோளகக் காலத்துப் பின்னேரம் அது நன்றாகவே வேலை செய்யும். 34 பாகைக் காற்றை நாலைந்து பாகை இறக்கும். முல்லைத்தீவு, அளம்பில் கடற்கரையில் காற்றே ஈரம், அங்கே கூலர் புழுக்கத்தைக் கூட்டும். ஐப்பசிக்குப் பிறகு எந்த ஊரிலும் அதற்கு வேலையில்லை. யன்னலைச் சாத்திவிட்டுக் கூலர் போடுவதும் பிழை, ஈரக்காற்று வெளியேற வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீரின் உப்பு அதன் மெத்தையில் வெள்ளையாகப் படியும், கிழமைக்கொருமுறை கழுவாவிட்டால் காற்று போகாது. தொட்டியில் நுளம்பு முட்டையிடாமல் பார்ப்பதும் உங்கள் பொறுப்பு. வாங்குவதற்கு முன் ஒரு பின்னேரம், சோளகம் வருகிற யன்னலில் ஈரச்சாக்கைத் தொங்கவிட்டுப் பாருங்கள். உள்ளே குளிர்ந்தால் உங்கள் ஊருக்குக் கூலர் சரிவரும். பல வீட்டுக்கு அந்தச் சாக்கே போதுமாகவும் இருக்கும்.

மின்சாரமே இல்லாத வயல்க் கொட்டிலுக்கு 12 வோல்ற் ஃபான். 15 வாற் ஃபான் இரவு எட்டு மணித்தியாலம் ஓட 120 வாற் மணித்தியாலம் வேண்டும். 50 வாற் சோலார் பலகை நல்ல வெயில் நாளில் 200 அளவில் தரும், ஆகவே கைபேசிக்கும் ஒரு எல்ஈடி விளக்குக்கும் மிஞ்சும். ஈய பற்றரி என்றால் 20 ஆம்பியர் மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது. பாதிக்குக் கீழே இறக்கினால் அது கெதியில் செத்துவிடும். லிதியம் பற்றரி விலை கூட, ஆனால் பாதியளவு பாரத்தில் பல வருடம் உழைக்கும். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்த காலத்தை நினைத்தால், மின்சாரம் உள்ள வீட்டிலும் கைக்குழந்தை இருந்தால் இப்படி ஒன்றை வைத்திருக்கலாம்.

வெக்கை தாங்காமல் வெறுந்தரையில் பாய் விரித்துப் படுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரவில் தரையில் படுத்திருப்பவரைத்தான் எட்டடி விரியன் கடிக்கிறது. நித்திரையில் கடித்த வலியே தெரியாமல் போகலாம், காயமும் பெரிதாகத் தெரியாது. கயிற்றுக் கட்டிலும், பாய்க்கடியில் செருகிவிட்ட நுளம்பு வலையும் எந்த ஃபானுக்கும் முன்னால் வாங்க வேண்டியவை. கட்டிலின் அடியாலும் காற்று போவதால் உடம்புக்கும் அது குளிர்ச்சி.

ஏசி யாருக்கு ஆடம்பரம் இல்லை என்று சொல்கிறேன் என்றேன். சிறுநீரக நோயாளருக்கு. தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று வெயில் காலத்தில் எல்லோரும் சொல்வோம். இரத்தச் சுத்திகரிப்பில் இருப்பவருக்கு வைத்தியர் அதை அளந்துதான் கொடுத்திருப்பார். வியர்த்துக் குடித்துச் சமாளிக்கிற வழி அவருக்கு இல்லை. படுக்கையில் கிடக்கிறவரும், வியர்வை குறைந்துபோன முதியவரும் அப்படித்தான். 35 பாகைக்கு மேல் போன காற்றை ஃபான் வீசுவது அவர்களுக்குக் காணாது. ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிட்டு ஃபான் போட்டால் உதவும். இப்படி ஒருவர் வீட்டில் இருந்தால், ஒரு அறைக்கு மட்டும் சீலிங்கும் கதவும் சரியாகப் போட்டு, இடைவெளிகளை அடைத்து, ஒரு சின்ன இன்வேர்ட்டர் ஏசியை நண்பகல் முதல் நாலு மணிவரை ஓட்டுவது சரியான செலவு. வயரிங்கையும் ஏர்த்தையும் மட்டும் தெரிந்தவரைக் கொண்டு பார்த்துவிடுங்கள். பேச்சுத் தடுமாறினால், உடம்பு கொதித்தும் வியர்க்காவிட்டால், ஏசியை நம்பிக்கொண்டிருக்காமல் உடம்பில் தண்ணீர் ஊற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

குளிரைப் பற்றி வன்னியில் யாரும் பேசுவதில்லை. ஆனால் 2022 மார்கழியில் மாண்டஸ் புயல் நேரம் வடக்கு கிழக்கில் நூற்றுக்கணக்கான மாடுகள் குளிரில் விறைத்துச் செத்தன. இரண்டு மூன்று நாள் விடாத மழை, வாடைக் காற்று, நனைந்த உடம்பு. வெப்பமானி பெரிதாக இறங்காமலே உயிர் போகலாம். ஹீற்றர் வாங்குகிற தேவை எங்களுக்கு இல்லை, ஈரத்தையும் காற்றையும் தடுத்தாலே காணும். வடகிழக்குப் பக்கத்தைத் தறப்பாளால் இழுத்துக் கட்டுங்கள், படுக்கையைத் தரையிலிருந்து உயர்த்துங்கள், பாய்க்கடியில் உரச் சாக்கையும் மட்டையையும் விரியுங்கள். பச்சைப்பிள்ளைக்கும் முதியவருக்கும் சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் போர்வைக்குள் கால்மாட்டில் வைக்கலாம், தோலில் முட்டாமல். கரிச்சட்டியைத் தணலோடு உள்ளே வைத்துக் கதவைச் சாத்திப் படுப்பதை மட்டும் செய்யாதீர்கள். தணலிலிருந்து வருகிற காபனோரொட்சைட்டு ஆளைக் கொல்லும் நச்சு வாயு. அதற்கு மணமில்லை, புகையில்லாத தணலிலிருந்தும் அது வரும். பட்டியில் மாட்டுக்கு மேலே ஒரு தறப்பாளும் காற்று வருகிற பக்கம் ஒரு தட்டியும் போதும். கோடையில் கூரையிலிருந்து இறக்கிய கிடுகில் நல்லதைப் பொறுக்கி அந்தத் தட்டியைக் கட்டிக்கொள்ளலாம்.